சோகம் போதாது

இன்னொருவாட்டிக்குச் சோகம் இல்லை. அவருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. அரசாங்கக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கயிறு, பிரேக், கதவு, பூட்டு எல்லாம் பார்த்து முடித்து, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, “இன்னொருவாட்டி பாத்துடறேன்” என்பார். மறுபடி மேலே ஏறுவார். பார்த்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போவார். திரும்பி வந்து, “தப்பா நினைக்காதீங்க, இன்னொருவாட்டி…” என்று காவலாளி முன்னால் நிற்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இருபத்துமூன்று வருஷத்தில் அவர் கைபட்ட லிஃப்ட் எதுவும் யாரையும் நடுவழியில் தொங்கவிட்டதில்லை. இலாகா மூன்று தடவை கேடயம் கொடுத்தது. மூன்றாவது தடவை தலைமைப் பொறியாளர் மேடையேறி, “எல்லா ஊழியரும் இவரைப் போலத் தூக்கம் கெட்டு உழைக்க வேண்டும்” என்று வாழ்த்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தூக்கம் கெட்டிருந்தது நிஜம் என்பது அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கேடயம் வாங்கியவர். இன்னொருத்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மகள்.

லிஃப்டோடு போயிருந்தால் பரவாயில்லை. காலையில் கண் விழித்ததும் அவர் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று ஓட ஆரம்பிக்கும். படுக்கிற வரைக்கும் நிற்காது, படுத்த பிறகும் நிற்காது. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா, நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது, மேலதிகாரி ஏன் இன்றைக்குச் சிரிக்கவில்லை. ஒன்று தீர்ந்தால் அடுத்தது தயாராக நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே மகள். மனைவி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

மகளுக்கு இருபத்துமூன்று வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிற வேலை. அவள் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வருகிற வரை அவர் ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினாறு தடவை கூப்பிடுவார். “போய்ச் சேந்துட்டியா?” “சாப்ட்டியா?” “ரோட்டைப் பாத்துத்தானே கடந்தே?” அவளும் சளைக்காமல் எடுப்பாள். “உயிரோடதான் இருக்கேம்ப்பா. வேற என்ன சேதி?” என்பாள். கடையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சில நாள் மட்டும் போனை வைத்துவிட்டுக் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நிற்பாள்.

ஒரு நாள் அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் கடையைவிட்டு வெளியே வந்தவள், எதிர்ப்பக்கம் கொட்டுகிற மழையில் குடையில்லாமல் அப்பா நிற்பதைப் பார்த்தாள். உள்ளே வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்று மூன்று மணி நேரமாக அங்கேயே நின்று, கண்ணாடிக் கதவு வழியாக அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவள் திட்டவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. எடுத்த எடுப்பில், “எத்தனை வருஷமா இந்தப் பயம்?” என்று கேட்டார்.

“பயமா? நான் கொஞ்சம் ஜாக்கிரதையான ஆளுங்க. அவ்வளவுதான்.”

“வேலை முடிஞ்சா ஜாக்கிரதை தூங்கிடும். உங்களோடது தூங்குதா?”

இன்னொருவாட்டி மகளைப் பார்த்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது பதற்ற நோய். இன்ன விஷயம்னு இல்லாம எல்லாத்துக்கும் பதறுது பாருங்க, அது. மருந்து இருக்கு. மனச்சோர்வு மாத்திரைன்னு பேரு. பேரைப் பாத்துக் குழம்பாதீங்க, பதற்றத்துக்கும் இதையேதான் குடுப்போம். முதல்ல கொஞ்ச நாள் வயித்தைப் புரட்டும். படபடப்புகூட ஒரு துளி கூடும். பொறுத்துக்கணும். நாலு வாரம், ஆறு வாரத்துலதான் வேலை செய்யும். குணமாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்திடக்கூடாது. அதான் முக்கியம்.”

முதல் மூன்று மாசத்துக்கான மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். பிறகு நலவாழ்வு வாரியத்தின் மருந்தகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மனசு சம்பந்தப்பட்ட மருந்து எதையும் வெளிக்கடையில் விற்கக்கூடாதென்று சட்டம். மக்களின் மனசை வாரியமே நேரடியாகக் கவனித்துக்கொள்ள விரும்பியது.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. நூலகத்து லிஃப்டைச் சரிசெய்து முடித்தார். பையைத் தோளில் மாட்டினார். பஸ் ஏறினார். ஜன்னலோர இடம் கிடைத்தது. நாலு நிறுத்தம் தாண்டிய பிறகுதான், ‘இன்னொருவாட்டி’ என்று தான் சொல்லவேயில்லை என்பது உறைத்தது. சரி, இப்போது வயிற்றுக்குள் ஓட்டம் தொடங்கும் என்று காத்திருந்தார். தொடங்கவில்லை. பதினைந்து வருஷமாகப் போய்வந்த தெருவில், பூட்டுக்கடைக்குப் பக்கத்தில் அத்தனை பெரிய மரம் ஒன்று நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அன்றைக்கு மகள் வர ஒன்றரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. போனை எடுத்துப் பார்த்தாள். அப்பாவிடமிருந்து ஓர் அழைப்புகூட இல்லை. அவளுக்குப் பகீரென்றது. பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடியே வந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா!”

அவர் கண்ணைத் திறந்தார். “வந்துட்டியாம்மா? ஏன் இப்படி மூச்சு வாங்குது? நேரமாயிடுச்சா என்ன?”

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு பக்கத்து ஊருக்குப் போய்வந்தாள். கிளம்பும்போது, “பாத்துப் போய்ட்டு வா” என்றார். வந்ததும், “நல்லா இருந்துச்சா?” என்றார். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அவள் அவரிடம் அத்தனை நேரம் ஒரு ஊரைப் பற்றிப் பேசியதில்லை.

மாத்திரை தீர இரண்டு வாரம் இருக்கும்போதே அவர் வாரியத்துக்குப் போனார். நாலு மாடிக் கட்டடம். லிஃப்டில் ‘பழுது’ என்று பலகை தொங்கியது. சுவர் முழுக்க, ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று ஒரு பெண் சிரிக்கிற படம். அதற்குக் கீழே, ‘வரிசையில் நிற்போர் பேசக்கூடாது’ என்று இன்னொரு பலகை. ஆறாம் கவுண்டரில் இருந்த எழுத்தர் கெட்ட மனிதரில்லை. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொறுமையாக விரலால் தொட்டுக் காட்டினார்.

“இது மருந்துச் சீட்டு. என்ன போட்டிருக்கு? மனச்சோர்வு மாத்திரை. இது நோய்ச் சான்று. இதுல என்ன இருக்கு? பதற்றம். பொருந்தலையே.”

“பதற்றத்துக்கும் இதேதான் குடுப்பாங்கன்னு டாக்டர் சொன்னாங்க சார்.”

“டாக்டர் சொல்றது வைத்தியம். நாங்க பாக்கறது பேரு. சோர்வு மாத்திரையைப் பதற்றக்காரருக்குக் குடுத்துட்டேன்னு வைங்க, நாளைக்கு ஒரு சோர்வுக்காரர் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?”

“அவருக்குக் குடுக்க மாத்திரை இல்லீங்களா?”

“ஏன் இல்லை? கிடங்கு நிறைய இருக்கு. இருக்குங்கறதுக்காகக் குடுத்துட முடியுமா?” எழுத்தர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு பண்ணுங்க. கொஞ்சம் சோகமா இருக்கேன்னு எழுதிக் குடுத்துடுங்க. உடனே எடுத்துத் தர்றேன்.”

இன்னொருவாட்டி யோசித்தார். உண்மையைச் சொன்னால், அந்தச் சில வாரமாகத்தான் அவர் வாழ்க்கையிலேயே முதல்தடவையாகச் சந்தோஷமாக இருந்தார். பொய்க் கையெழுத்துப் போட்டு, அது தெரிந்துபோய், வேலை போய்… இரண்டு காகிதத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார். “சோகம் இல்லீங்களே சார்” என்றார்.

“அப்போ உங்களுக்கு எதுக்கு மாத்திரை?” என்றார் எழுத்தர், நிஜமாகவே புரியாமல்.

மருத்துவர் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பினார். ‘தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் மருத்துவக் காரணங்கள் மட்டுமே உள்ளபடியால் பரிசீலிக்க இயலவில்லை’ என்று பதில் வந்தது. இந்த வகையில் வேறு எந்த மாத்திரையை எழுதினாலும் வாரியத்தின் பட்டியலில் அதற்கும் இதே பெயர்தான். மேல்முறையீடு செய்யலாம், சோக மதிப்பீட்டுக் குழு விசாரிக்கும் என்றார்கள். குழு கூட ஐந்து வாரம் ஆகும். இருந்த மாத்திரையைப் பாதியாகவும் காலாகவும் உடைத்துச் சாப்பிடச் சொல்லி மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவரால் முடிந்தது அது. கால் மாத்திரையும் தீர்ந்து மூன்றாம் நாள், இன்னொருவாட்டி நூலகத்து லிஃப்டைப் பார்க்க மறுபடி போனார். அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை.

குழு மூன்றாம் மாடியில் கூடியது. மாடிப்படி ஏறி வந்ததில் இன்னொருவாட்டிக்கு மூச்சு வாங்கியது. நடுவில் தலைவர், வெள்ளைச் சட்டை, வழுக்கை, கனிவான முகம். இடப்பக்கம் புள்ளிவிவர அதிகாரி. வலப்பக்கம் இருந்தவருக்கு ‘மனிதநேய உறுப்பினர்’ என்று பெயர்ப்பலகை இருந்தது. கடைசி வரைக்கும் அவர் பேசவில்லை.

“இருபத்தேழு மதிப்பெண்ணுக்குச் சோகத்தை அளக்கறோம்” என்றார் புள்ளிவிவர அதிகாரி. “பதினைஞ்சு எடுத்தா தேர்ச்சி. எதுலயும் நாட்டமில்லாம இருக்கீங்களா?”

“இல்லீங்க. எல்லாத்துலயும் நாட்டம் ஜாஸ்தி. அதான் தொல்லையே.”

“பூஜ்யம். தூக்கம் எப்படி?”

“வரதில்லீங்க.”

“மூணு. நல்லா இருக்கு, இப்படியே சொல்லுங்க. வாழ்க்கையில துக்கம் ஏதாவது?”

“மனைவி தவறிட்டாங்க.”

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “எப்போ?”

“பதினோரு வருஷம் ஆச்சுங்க.”

புள்ளிவிவர அதிகாரி வருத்தத்தோடு பேனாவை மூடினார். “ரெண்டு வருஷம் வரைக்கும்தான் செல்லும். அது காலாவதியாயிடுச்சு.”

“எனக்குச் சோகம் இல்லீங்கய்யா” என்றார் இன்னொருவாட்டி. “பயம்.”

“எதைப் பத்தி?”

“எல்லாத்தைப் பத்தியும்.”

“படிவத்துல ஒரு வரிதான் இருக்கு” என்றார் அதிகாரி. “எல்லாத்தையும் எப்படி எழுதறது?”

கூட்டிப் பார்த்ததில் ஆறு வந்தது. தலைவர் கனிவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாருங்க. வாரியம் உங்க நன்மைக்குத்தான் இருக்கு. நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷமாச்சு. வந்த புதுசுல வருஷத்துக்கு நாலாயிரம் பேருக்கு இந்த மாத்திரை போயிட்டிருந்தது. போன வருஷம் எத்தனை தெரியுமா? நாற்பத்தொண்ணு. இந்த ஊர்ல சோகத்தையே நாங்க கிட்டத்தட்ட ஒழிச்சுட்டோம். இன்னும் ரெண்டு வருஷம் குடுங்க, ஒருத்தர்கூட மிச்சம் இருக்கமாட்டாங்க. உங்களுக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு, மக கூடவே இருக்கா. சிரிச்சுக்கிட்டு இருக்க வேண்டிய ஆளு வந்து மாத்திரை கேக்கறீங்களே, நியாயமா?”

இன்னொருவாட்டி எழுந்தார். தலைவர் கோப்பைப் புரட்டி, “அட, நீங்க லிஃப்ட் மெக்கானிக்கா! நம்ம லிஃப்டைக் கொஞ்சம் பாத்துட்டுப் போங்களேன்” என்றார்.

பார்த்தார். இரண்டரை மணி நேரத்தில் ஓடியது. இறங்கி வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். இன்னொருவாட்டி பார்த்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார். தலைவர் மேலும் கீழுமாக நாலு தடவை போய்வந்து பூரித்துப்போனார். “என்ன பொறுப்பு பாத்தீங்களா! மாத்திரை சாப்பிட்டா இதெல்லாம் போயிடும்யா” என்று மற்றவர்களிடம் சொன்னார். ‘மனுதாரர் சிறப்பாகச் செயல்படுகிறார். மருந்து தேவையில்லை’ என்று கோப்பில் ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது.

பயம் பழைய அளவில் வரவில்லை. இரண்டு மாசம் வெளியே நின்றதற்கும் சேர்த்து வந்தது. நாளைக்கு முப்பது அழைப்பு, நாற்பது அழைப்பு. மகள் எடுக்காவிட்டால் கடை முதலாளிக்கு. அவரும் எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு, போலீசுக்கு. “தெரியுதும்மா, தப்புன்னு தெரியுது. கை தானா போனை எடுக்குது” என்று அவளிடமே அழுவார். அவளும் வாரியத்துக்குப் போய் நின்று பார்த்தாள். “மனுதாரர் நேரில் வரணும்” என்றார்கள். அவர் போனால், “தேர்ச்சி பெறலையே” என்றார்கள்.

ஒரு மத்தியானம் அவள் இருட்டறையில் ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை அணைத்து வைத்திருந்தாள். பெரியவர் முகவாயைக் கருவியில் பதித்து அசையாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. கருவிப் பையோடு உள்ளே பாய்ந்தார் இன்னொருவாட்டி. மகளின் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார், தலையைத் தொட்டுப் பார்த்தார். “ஒண்ணும் ஆகலையே? ஒண்ணும் ஆகலையே கண்ணு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பதறி எழுந்த பெரியவர் கால் இடறிக் கருவியோடு விழுந்தார். நெற்றியில் நாலு தையல்.

முதலாளி கத்தவில்லை. “உன்மேல ஒரு குத்தமும் இல்லைம்மா” என்றார். “ஆனா நாளையிலேருந்து வராதே.”

அந்த வாரக் கடைசியில் அவள் பெட்டி கட்டினாள். வேறு ஊரில் தோழி ஒருத்தி அறை பார்த்து வைத்திருந்தாள். அவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, அவள் மடித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

“உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேன்னு நினைக்காதீங்கப்பா.”

“இல்லைம்மா.”

“அந்த ரெண்டு மாசம் எனக்கு ஒரு அப்பா இருந்தாரு. நான் சொல்றதைக் கேட்டாரு. சிரிச்சாரு. அப்படி ஒருத்தர் உள்ள இருக்காருன்னு தெரியாமலே இருந்திருந்தா, இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். தெரிஞ்சு போச்சு. இனிமே முடியலை.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க கூப்பிடக்கூடாது. நான் கூப்பிடறேன். ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமை.”

“பஸ்ஸு போய்ச் சேந்ததும்…”

“அப்பா.”

“சரி. கூப்பிடலை.”

பஸ் நிலையம் வரைக்கும் பெட்டியை அவரே தூக்கி வந்தார். பஸ்ஸின் சக்கரம் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்த்தார். இன்னொருவாட்டி சுற்றப் போனவரை மகள் ஜன்னல் வழியாகக் கைநீட்டித் தோளைத் தொட்டு நிறுத்தினாள். பஸ் போன பிறகும் அந்தக் கை பட்ட இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மருத்துவர் மறுபடி மனுப் போட்டார். இரண்டு மாசம் கழித்துக் குழு கூடியது. லிஃப்ட் நன்றாக ஓடியது. அதில் ஏறித்தான் போனார்.

“எதுலயாவது நாட்டம் இருக்கா?”

“இல்லீங்க.”

“மூணு. சாப்பாடு?”

“இறங்கலை.”

“மூணு. துக்கம் ஏதாவது?”

“மக வீட்டை விட்டுப் போயிட்டா.”

“எப்போ?”

“ரெண்டு மாசம் ஆச்சுங்க.”

புள்ளிவிவர அதிகாரிக்கு முகமே மலர்ந்துவிட்டது. கூட்டினார். சந்தேகம் வந்து மறுபடி கூட்டினார். “இருபத்திரண்டு சார்!”

“பாத்தீங்களா!” தலைவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். “போன தடவை ஆறு. இப்ப இருபத்திரண்டு. முயற்சி பண்ணினா முடியும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஒருத்தரும் நம்பறதில்லை. நம்ம அமைப்பு யாரையும் கைவிடாது. கொஞ்சம் காத்திருக்கணும், அவ்வளவுதான்.”

“அப்பவே குடுத்திருந்தீங்கன்னா…” என்று ஆரம்பித்தார் இன்னொருவாட்டி.

“அப்போ உங்களுக்குத் தகுதி இல்லையே” என்றார் தலைவர், அன்பாக.

உத்தரவை எடுத்துக்கொண்டு ஆறாம் கவுண்டருக்கு வந்தார். எழுத்தர் முகமலர்ச்சியோடு இன்னொரு படிவத்தை நீட்டினார். மருந்து தொடங்கும் முதல் இரண்டு வாரம் கூடவே இருந்து கவனித்துக்கொள்பவர் பெயர், உறவு, தொலைபேசி எண். அதை வெறுமையாக விட்டால் மாத்திரை கிடையாது. இன்னொருவாட்டி பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் மகளின் பெயரை எழுதினார். உறவென்று எழுத அவருக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

எழுத்தர் அப்போதே அந்த எண்ணுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். சரிபார்ப்பது விதி.

“நலவாழ்வு வாரியத்துலேருந்து பேசறோம். உங்கப்பாவோட ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா?”

அந்தப் பக்கம் ஊர் தெரியாத ஏதோ தெருவின் இரைச்சல் கேட்டது. இன்னொருவாட்டி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஆமா” என்றாள் மகள். “கூடத்தான் இருக்கேன்.”

“மருந்து சாப்பிட ஆரம்பிச்சா அவரைக் கவனிச்சுப்பீங்களா?”

“கவனிச்சுப்பேன்.”

“சரிம்மா, அவ்வளவுதான்.”

“ஒரு நிமிஷம். அவர் அங்கதான் இருக்காரா?”

“எதிர்லயே நிக்கிறாரு.”

“காலையில போடச் சொல்லுங்க” என்றாள். “சாயங்காலம் போட்டாருன்னா ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருப்பாரு. அவரா சொல்லமாட்டாரு.”

போன் அணைந்தது. குழுவின் கோப்பில் வீட்டை விட்டுப் போயிருந்த மகள், ஆறாம் கவுண்டரின் கோப்பில் வீட்டிலேயே இருந்தாள். இரண்டு கோப்பும் ஒரே அலமாரிக்குத்தான் போயின. பொருந்தவில்லை என்று யாருக்கும் படவில்லை.

“நல்ல பொண்ணு சார்” என்று மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுத்தார் எழுத்தர். “இந்தக் காலத்துல யாரு கூட இருந்து பாத்துக்கறாங்க?”

“ஆமாங்க” என்றார் இன்னொருவாட்டி.

மாத்திரை அதன் வேலையைச் செய்தது. ஆறாவது வாரம் வயிற்றுக்குள் ஓட்டம் நின்றது. வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்தார். சமைத்தார், சாப்பிட்டார், தூங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கூப்பிட்டாள். அந்த ஊரில் வேறொரு கண்ணாடிக் கடையில் சேர்ந்திருந்தாள். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டார், சிரித்தார், எதையும் துருவிக் கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் பழைய ஆள் திரும்பிவிட்டதாக அவள் நினைத்துக்கொள்வாளோ என்று இருந்தது. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மூன்று மாசத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு உண்டு. சோகம் குறைந்திருந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். இந்தத் தடவை தலைவர் மட்டும்தான் இருந்தார். கோப்பைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய குறிப்புகளை மேலோட்டமாகப் பார்த்தார். நீளமாக விசாரிக்க நேரமில்லை, மதியச் சாப்பாட்டு வேளை.

“மக திரும்பி வந்துட்டாங்களா?”

“இல்லீங்க.”

“நல்லது” என்று தலைவர் இன்னும் மூன்று மாசத்துக்கு முத்திரை குத்தினார்.

“ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிவிட்டு, இன்னொருவாட்டி உத்தரவை வாங்கிக்கொண்டு கீழே வந்து வரிசையில் நின்றார்.